பச்சைச் சுருட்டுக்குப் பட்டி பாத்த கதை

அன்னிக்கு எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். மேனேஜர் ரூமுக்குப் போய் ஒரு சுருட்டைக் குடுக்கணும்.

அவ்வளவுதான். கதவைத் தட்டணும், "வணக்கம் சார்" சொல்லணும், சுருட்டை நீட்டணும், பல்லைக் காட்டணும், திரும்பி வரணும். இதைச் செய்ய ஒரு மனுஷனுக்குப் பெரிய மூளை தேவையில்ல. எனக்கு இருந்த கொஞ்சமும் அன்னிக்கு லீவு போட்டுடுச்சு.

எழுபதுகளோட கடைசி அது. ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து ஒரகடம் போற வழியில ரெண்டு பக்கமும் நெல்லு, நடுவுல எங்க கம்பெனி. ஒரு ஷெட்டு, ஒரு ஆபீஸ் ரூம், ஒரு சைக்கிள் ஸ்டாண்டு. இரும்பு பீரோ செய்யற கம்பெனி. கவர்மென்ட் ஆபீஸ்ல எல்லாம் ஒரு பச்சை பீரோ நிக்குமே, மனு குடுக்கப் போறவன் பாத்தாலே மனசு விட்டுப்போற பச்சை, அந்தப் பச்சையை ஊர் ஊரா அனுப்பி வெச்ச புண்ணியவானுங்க நாங்கதான்.

நான் அங்க ஸ்டோர்ஸ் கிளார்க். பேரு சூசை. ரெண்டரை வருஷமா டெம்பரரி.

டெம்பரரின்னா வேலையில பாதி மனுஷன்னு அர்த்தம். கல்யாணத்துல அதுவும் கிடையாது. வாலாஜாபாத்ல பிலோமினான்னு ஒரு பொண்ணு. எனக்குப் புடிச்சிருந்தது, அதுக்கும் என்னைப் புடிச்சிருந்தது. அதோட அப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். அவருக்கு மட்டும் என்னைப் புடிக்கறதுக்கு ஆதாரம் வேணுமாம்.

"தம்பி, பெர்மனென்ட் ஆர்டரைக் கையில எடுத்துக்கிட்டு வாங்க. வந்த அடுத்த ஞாயித்துக்கிழமையே கோயில்ல ஓலை வாசிக்கச் சொல்றேன்"னு சொல்லிட்டாரு. எங்க வழக்கத்துல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயிறு பொண்ணு மாப்பிள்ளை பேரைக் கோயில்ல படிப்பாங்க. அதுதான் ஓலை.

ஆர்டர் டைப் அடிச்சு ரெடியா இருந்தது. மூணு வாரமா மேனேஜர் மேஜையில கிடந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

எங்க மேனேஜருக்கு ரெண்டு பலவீனம். ஒண்ணு சுருட்டு. இன்னொண்ணு ஃபாரின். ஃபாரின் சோப்பு ஒண்ணு யாரோ குடுத்து, அது கரைஞ்சு தீந்தே வருஷக்கணக்கு ஆச்சு. சோப்பு சுத்தி வந்த கவரை மட்டும் டிராயர்ல வெச்சு அப்பப்போ எடுத்து மோந்து பாப்பாரு. அப்படிப்பட்ட ரசிகர்.

பழக்கம் ஒண்ணும் உண்டு. எந்த பீரோ கண்ணுல பட்டாலும் கட்டை விரலை வெச்சு அழுத்தி, ஒரு திருகு திருகுவாரு. விரல்ல பெயிண்ட் ஒட்டுச்சுன்னா "ரிஜெக்ட்!" ஷெட்டே நடுங்கும். அந்தக் கட்டை விரலை ஞாபகம் வெச்சுக்கங்க. நான் வெச்சுக்கல.

என் பெரியம்மா பையன் லூர்து சரக்குக் கப்பல்ல சமையல்காரன். அந்த வாரம் ஊருக்கு வந்தவன் எனக்கு ரெண்டு அலுமினிய குழாய் குடுத்தான். ஒவ்வொண்ணுலயும் ஒரு சுருட்டு. மூடியைத் திருகி எட்டிப் பாத்தேன். பச்சை! நல்ல வெத்தலைப் பச்சை.

"இன்னாடா லூர்து, காயவே இல்ல?"

"அது அப்படித்தான்டா. கேண்டெலான்னு பேரு. இலையைச் சூட்டுல வெச்சு, பச்சை போகாம புடிச்சு வெச்சிருப்பான். அமெரிக்காக்காரன் இதைத்தான் ஆசையா குடிப்பான். பச்சையாத்தான் இருக்கணும், புரியுதா?"

"புரியுது"ன்னு சொன்னேன். அப்போ புரிஞ்சுதான் இருந்தது.

மறுநாள் காலையில கேட் வாசல்லயே மேனேஜரைப் புடிச்சுட்டேன். குடுத்துட்டு உள்ள போயிருந்தா அத்தோட முடிஞ்சிருக்கும். ஆனா சுருட்டு சைக்கிள் பையில, டிபன் பாக்ஸுக்கு அடியில இருந்தது. வாய் மட்டும்தான் கையோட இருந்தது.

"சார், உங்களுக்கு ஒரு ஃபாரின் சுருட்டு கொண்டு வந்திருக்கேன் சார். பச்சைக் கலர் சார். இந்தச் சுத்து வட்டாரத்துலயே எவனும் பாத்திருக்க மாட்டான் சார்!"

மேனேஜர் நின்னுட்டாரு. "பச்சையா? சுருட்டு பச்சையாவா இருக்கும்?"

"கிளிப் பச்சை சார்."

அவரு மூக்கு விரிஞ்சது. "இப்போ ரவுண்ட்ஸ் போறேன். மூணு மணிக்கு ரூமுக்கு வா. உன் பேப்பர்கூட ஏதோ டேபிள்ல இருந்த மாதிரி ஞாபகம்."

ஏதோ இருந்த மாதிரி! மூணு வாரமா அது மேலதான் காபி டம்ளரை வெச்சுக்கிட்டு இருந்தாரு.

எனக்குக் கால் தரையில படல. பையில இருந்த சுருட்டை எடுத்துக்கிட்டு நேரா பெயிண்ட் ஷாப்புக்குப் போய் ஏழுமலைகிட்ட காட்டினேன். ஏழுமலை வல்லம் பக்கத்து ஆளு. அவங்க வூட்ல இன்னமும் விவசாயம்தான். இவன் மட்டும் ஸ்ப்ரே கன் புடிச்சிகினு இங்க வந்துட்டான். எனக்கு உசுரு நண்பன். அது அவன் தப்பில்ல.

சுருட்டை உள்ளங்கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தான்.

"இன்னாடா சூச, நம்ம பீரோ கலர்லயே கீது? நம்ம டின்னுல முக்கி எடுத்தானா உங்க அண்ணன்?"

"ஃபாரின்டா."

"ஃபாரினோ இன்னாவோ. இல பச்சையா கீதே, இது எப்டி எரியும்? பச்ச வெறகே எரியாது."

அங்கதான் பரமசிவம் அண்ணாச்சி வந்து சேந்தாரு. திருநெல்வேலிக்காரரு. பூட்டு மாட்டற ஃபிட்டர். வாயில எப்பவும் ஒரு கறுத்த சுருட்டு இருக்கும், எரிஞ்சாலும் எரியாட்டியும். சுருட்டு விஷயத்துல எங்க ஷெட்டுக்கே அவர்தான் ஹைகோர்ட்டு.

ஒரு தடவை மோந்து பாத்தாரு. மூஞ்சியைச் சுளிச்சாரு.

"ஏல, இது காயாத பொகையிலல்லா? இத எவம்ல குடிப்பான்? மாடு திங்கும்."

"அண்ணாச்சி, இது அப்படித்தான் இருக்கணுமாம். லூர்து சொன்னான்."

"அவன் யாரு?"

"கப்பல்ல சமையல் பண்றான்."

"சமையக்காரன் சொல்லுதான், நீ கேக்க. நான் நாப்பது வருசமா குடிக்கேன், நான் சொல்லுதேன், நீ கேக்க மாட்ட. பச்சப் பொகையில நெஞ்சுல ஏறிச்சுன்னா ஆளு மயங்கி விழுந்துருவான். ஒன் மேனேஜரு விழுந்தாம்னா ஒனக்கு ஆர்டருல கையெழுத்து போடுதது யாரு?"

இது எனக்கு உறைச்சது. மேனேஜர் மேஜையில கவுந்து கிடக்கற மாதிரியும், கையில என் ஆர்டர் கையெழுத்து இல்லாம ஆடற மாதிரியும் மனசுல ஒரு காட்சி வந்தது. பிலோமினா அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கறாரு.

ரெண்டு சுருட்டுல ஒண்ணைக் குடிச்சுப் பாத்துடறதுன்னு முடிவு பண்ணோம். முடிவு பண்ணோம்னு மரியாதைக்குச் சொல்றேன். நான்தான் பண்ணேன்.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடிச்சதும் ஷெட்டுக்குப் பின்னாடி ஸ்கிராப் குவியல் பக்கம் போனோம். நான் டிபன் பாக்ஸைத் தொறக்கக்கூட இல்ல. ஃபாரின் சுருட்டைச் சோத்து வாயோட குடிக்கறது மரியாதை இல்லைன்னு தோணுச்சு. சுருட்டுக்கு மரியாதை! நெனச்சா இப்பவும் என்னை நானே அறைஞ்சுக்கலாம் போல இருக்கு.

வாயில வெச்சேன். ஏழுமலை தீக்குச்சி கிழிச்சான். இழுத்தேன்.

ஒண்ணும் வரல.

இன்னும் இழுத்தேன். கன்னம் ரெண்டும் உள்ள ஒட்டிக்கிச்சு, கண்ணு வெளிய வந்துச்சு, காது அடைச்சுச்சு. பொகை மட்டும் வரல. ஏழு குச்சி தீந்தது.

"பச்சன்னு சொன்னேன்ல?"ன்னான் ஏழுமலை. "எரியாது."

அண்ணாச்சி புடுங்கிப் பாத்தாரு. அவரு குடிக்கற சுருட்டுக்கு ரெண்டு பக்கமும் வாய் தொறந்திருக்கும். இது ஒரு பக்கம் இலையை மடிச்சு ஒட்டி மூடியிருந்தது. வெட்டிட்டுக் குடிக்கணும். அது எங்க மூணு பேர்ல ஒருத்தனுக்கும் தெரியாது. நாப்பது வருஷ அனுபவத்துக்கும் தெரியாது.

"அடைச்சு அனுப்பியிருக்காம்ல. செய்யத் தெரியாத பயலுவ!"

அமெரிக்காக்காரனுக்குச் சுருட்டு செய்யத் தெரியலைன்னு ஒரு தீர்ப்பு குடுத்துட்டு, தகட்டுல கோடு போடற ஊசியை எடுத்துச் சொருகி ஒரு ஓட்டை போட்டுக் குடுத்தாரு.

இப்போ பொகை வந்தது! நல்லா வந்தது. ருசியா? கீரை அவிச்ச தண்ணியைக் கொஞ்சம் கருக விட்டா எப்படி இருக்கும், அப்படி. ஆனா காரம் இல்ல, கமறல் இல்ல. சாதுவா இருந்தது.

"ஒண்ணுமே இல்லையேடா! இதுக்கா பயந்தோம்?"ன்னு கால் மேல கால் போட்டுக்கிட்டேன்.

நான் பீடி ஆளு. பீடியை எப்படி இழுப்பேனோ அப்படியே நெஞ்சு வரைக்கும் இழுத்து, ஒரு நிமிஷம் உள்ள வெச்சு, மூக்கு வழியா விட்டேன். சுருட்டுப் பொகையை வாயோட நிறுத்தணும், முழுங்கக் கூடாதுங்கறதைச் சொல்ல வேண்டிய அண்ணாச்சி, ஓட்டை போட்ட பெருமையில வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தாரு.

பாதி சுருட்டு போச்சு. நான் மேனேஜர் மாதிரி நாற்காலியில சாயற மாதிரி நடிச்சுக் காட்டிக்கிட்டு இருந்தேன். "சூசை, உன் பேப்பர் ஏதோ இருந்த மாதிரி ஞாபகம்..."

அப்போ ஷெட்டு நகந்தது.

மொதல்ல மெதுவா. அப்புறம் வேகமா. ஏழுமலை ரெண்டா தெரிஞ்சான். ஒருத்தனையே தாங்க முடியாது. முதுகெல்லாம் வேத்துது. காலு எங்க இருக்குன்னு தேடினேன். பக்கத்துல ஒரு பீரோ நிமிந்து நின்னுது. நல்ல வேளைன்னு அதைக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன்.

"டேய்! அது ஈரம்டா!"ன்னு ஏழுமலை கத்தினான்.

கத்தி என்ன பிரயோஜனம். என் வெள்ளைச் சட்டையில ஒரு பக்கம் முழுக்க கவர்மென்ட் ஆபீஸ் ஆயிடுச்சு. அதுக்கப்புறம் நடந்ததைச் சொல்ல மாட்டேன். காலையில தின்ன ரெண்டு இட்லி எனக்கு இல்லைன்னு ஆச்சு, அவ்வளவுதான்.

என்னைத் தூக்கிக்கிட்டுப் போய்ப் படுக்க வெச்சாங்க. எங்க? கதவு மாட்டாத பீரோ ஒண்ணு மல்லாக்கக் கிடந்தது. அதுக்குள்ள! நிழலா இருக்குமாம்.

அளவு சரியா இருந்தது. கை ரெண்டையும் நெஞ்சு மேல வெச்சுப் படுத்திருந்தேன். போற வர்ற ஆளுங்க எல்லாம் எட்டிப் பாத்துட்டுப் போனாங்க. ஏழுமலை தலையில கட்டியிருந்த துண்டை அவுத்துக் கையில வெச்சுக்கிட்டான்.

"டேய், நான் சாகலடா."

"தெரிது. இர்ந்தாலும் ஒரு மரியாத."

அண்ணாச்சி மேல இருந்து குனிஞ்சு பாத்தாரு. "சொன்னம்ல? பச்சப் பொகையில. மேனேஜரு குடிச்சிருந்தா இந்நேரம் இதுல அவருல்லா படுத்திருப்பாரு?"

மணி ஒண்ணரை. மூணு மணிக்கு ரூமுக்குப் போகணும். கையில இருக்கறது ஒரே ஒரு சுருட்டு. அதுவும் பச்சை.

அந்த நேரத்துல எனக்கு லூர்து சொன்னது ஞாபகம் வந்திருக்கணும். பச்சையாத்தான் இருக்கணும்னு தெளிவாச் சொன்னான். ஆனா பீரோவுக்குள்ள படுத்திருக்கறவனுக்கு அண்ணன் பேச்செல்லாம் ஞாபகம் வராது.

"காய வெச்சுடலாமா?"ன்னு கேட்டது நான்தான். வேற யார் மேலயும் பழி போட மாட்டேன்.

எங்க பெயிண்ட் ஷாப்புல ஒரு ஓவன் உண்டு. பெயிண்ட் அடிச்ச கதவையெல்லாம் உள்ள தொங்கவிட்டுச் சூட்டுல காய வைக்கிற ரூம் மாதிரி பெரிய அடுப்பு. அது மேலதான் ஷெட்டுல அத்தனை பேரும் டிபன் பாக்ஸ் சூடு பண்ணுவோம். தயிர் சாதத்துல இருந்து கருவாட்டுக் குழம்பு வரைக்கும் அதுல வெச்சு எடுத்துப் பழக்கம். அதனால ஓவன்ல வெச்சா எதுவும் நல்லாத்தான் வரும்னு எங்களுக்கு ஒரு நம்பிக்கை.

ஏழுமலை ஒரு கதவு கொக்கியில நூல் கட்டி, சுருட்டைத் தொங்கவிட்டு உள்ள தள்ளினான்.

"எவ்ளோ நேரம்?"னான்.

"கதவுக்கு எவ்வளவு?"

"அர மணி."

"அதே வெச்சுடு." இதுவும் நான்தான்.

அரை மணி கழிச்சு வெளிய எடுத்தோம். நல்லா காஞ்சிருந்தது! பழுப்புக் கலர். அண்ணாச்சிக்குப் பூரிப்பு தாங்கல. "இப்பத்தாம்ல இது சுருட்டு!"

தொட்டுப் பாத்தேன். சடசடன்னு நீட்டுக்கு ஒரு விரிசல் விட்டுது. அதுகூடப் பரவாயில்ல. அப்போதான் எனக்கு வேற ஒண்ணு உறைச்சது.

"அண்ணாச்சி... பச்சைன்னு சொல்லிட்டேனே."

"யாருகிட்ட?"

"மேனேஜர்கிட்ட. கிளிப் பச்சைன்னு சொல்லிட்டேன். எவனும் பாத்திருக்க மாட்டான்னு சொல்லிட்டேன். இதைக் குடுத்தா, வாலாஜாபாத் சந்தையில வாங்கிட்டு வந்து ஃபாரின்னு ஏமாத்தறேன்னு சொல்லமாட்டாரா?"

மூணு பேரும் சுருட்டைப் பாத்தோம். அப்புறம் மூணு பேரும் ஒண்ணா பெயிண்ட் டின்னைப் பாத்தோம்.

இந்த இடத்துல உங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன். நாங்க கெட்டவங்க இல்ல. பீரோ செய்யறவங்க. ஒரு பொருள்ல விரிசல் இருந்தா பட்டி வெச்சு அடைக்கணும். கலர் சரியில்லைன்னா பெயிண்ட் அடிக்கணும். எட்டு மணி நேரமும் அதைத்தான் செய்யறோம். கைக்கு வேற ஒண்ணும் தெரியாது.

ஏழுமலை சின்ன தகட்டுல பட்டி எடுத்து விரிசல்ல தடவினான். எமரி பேப்பரை வெச்சு மெதுவா தேச்சான். அவன் ஒரு பீரோவுக்குக்கூட அவ்வளவு அக்கறையா தேச்சு நான் பாத்ததில்ல. ஸ்ப்ரே கன்னை எட்டப் புடிச்சு, புஸ்ஸுனு ஒரே கோட்டு பெயிண்ட்.

பச்சை! லூர்து குடுத்தப்போ இருந்ததைவிட நல்ல பச்சை. பளபளன்னு மின்னுச்சு.

"இத்த அவரு குடிப்பாரேடா, வவுத்துக்கு எதுனா ஆய்ட்டா?"ன்னு ஏழுமலைக்குத் திடீர்னு ஒரு சந்தேகம்.

"குடிக்க மாட்டாரு. சோப்புக் கவரையே வருஷக்கணக்கா வெச்சிருக்கற ஆளு. டிராயர்ல வெச்சு மோந்துதான் பாப்பாரு"ன்னேன். உண்மையாவே அப்படித்தான் நம்பினேன்.

மணி ரெண்டு அம்பது. ஓவன்ல வைக்க நேரமில்ல. ஊதி ஊதிக் காயவெச்சுக் குழாய்ல போட்டு மூடினேன். ஏழுமலையோட சட்டையை வாங்கிப் போட்டுக்கிட்டேன். அது எனக்கு ரெண்டு பேர் போட்டுக்கற அளவு.

கதவைத் தட்டினேன். "வணக்கம் சார்." பல்லைக் காட்டினேன். அது வரைக்கும் எல்லாம் சரியா நடந்தது.

மேஜையில என் ஆர்டர். காபி டம்ளரை நகத்தி வெச்சிருந்தாரு. பேனா மூடிகூட கழட்டி ரெடியா இருந்தது. என் பேரு டைப் அடிச்சிருக்கறது தலைகீழா தெரிஞ்சது. அதைப் பாத்ததும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பொய் சொல்லல. பிலோமினா பேரும் பக்கத்துல இருக்கற மாதிரியே தோணுச்சு.

"எங்கப்பா உன் பச்சை?"

குழாயை நீட்டினேன். மூடியைத் திருகினாரு. சுருட்டை உள்ளங்கையில உருட்டினாரு. மூஞ்சி மலந்தது.

"அட! நிஜமாவே பச்சை! இந்த ஃபினிஷிங் பாரு. ஷைனிங் பாரு. நம்ம ஆளுங்களும் இருக்கானுங்களே, ஒரு கதவை இப்படிப் பண்ணத் தெரியுமா?"

"தெரியாது சார்."

மூக்குக்கிட்ட கொண்டு போனாரு. கண்ணை மூடி இழுத்தாரு. "ஆஹா. வாசனையே தனி. எனக்கு ரொம்பப் பழக்கமான வாசனையா இருக்கே..."

"ஃபாரின் வாசனை சார்."

பேனாவை எடுத்தாரு. ஆர்டர் மேல குனிஞ்சாரு. நிப்பு பேப்பரைத் தொட இன்னும் ஒரு அரிசி அளவு இடைவெளி. மாதாவே, காப்பாத்திட்டேன்னு நெனச்சேன்.

இந்தக் கையில பேனா. அந்தக் கையில சுருட்டு. அந்தக் கையோட கட்டை விரல், சும்மா இருக்க முடியாம, வருஷக்கணக்கான பழக்கத்துல தானாவே போய் சுருட்டு மேல அழுந்துச்சு. ஒரு திருகு திருகுச்சு.

பேனா நின்னுடுச்சு.

மேனேஜர் கட்டை விரலைத் தூக்கிப் பாத்தாரு. பச்சை. சுருட்டைப் பாத்தாரு. பச்சைக்கு நடுவுல விரல் அளவுக்குப் பழுப்பு, அதுல வெள்ளையா பட்டி. அப்புறம் மெதுவா நாற்காலியைத் திருப்பி, பின்னாடி நின்ன பீரோவுக்குப் பக்கத்துல விரலை வெச்சுப் பாத்தாரு.

ஒரே ஷேடு. ஏழுமலை கலர் கலக்கறதுல கெட்டிக்காரன்.

"சூசை."

"சார்."

"எந்த டின்?"

நான் ஸ்டோர்ஸ் கிளார்க். டின்னைப் பத்தி யாராவது கேட்டா மூளைக்குப் போறதுக்கு முன்னாடி வாய் பதில் சொல்லிடும். "போன வாரம் தொறந்தது சார். மேல் ரேக்குல ரெண்டாவது டின் சார்."

சொல்லி முடிச்சதும்தான் நான் என்ன சொன்னேன்னு எனக்கே கேட்டுது.

அவரு கத்துவாருன்னு பாத்தேன். கத்தல. அதைவிட மோசம். சுருட்டை வெளிச்சத்துல புடிச்சு இன்ஸ்பெக்ஷன் பண்ண ஆரம்பிச்சுட்டாரு.

"ஒரே கோட்டு."

"ஆமா சார்."

"ஓவன்ல வைக்கல."

"பெயிண்டுக்கு முன்னாடி வெச்சோம் சார்."

"முன்னாடி வெச்சு என்னய்யா பிரயோஜனம்? பட்டி மேல நேரா பெயிண்ட் அடிச்சிருக்கீங்க! நடுவுல ப்ரைமர் கோட்டு எங்க? ரெண்டரை வருஷமா இந்தக் கம்பெனியில இருக்க. ப்ரைமர் இல்லாம பெயிண்ட் நிக்குமா? என்னய்யா வேலை பழகின?"

தன்னை ஏமாத்தப் பாத்ததுகூட அவருக்கு அப்புறம்தான். வேலை சுத்தமில்லைங்கறதுதான் மொதல் கோவம்.

"ரிஜெக்ட்! ரெண்டும் ரிஜெக்ட்! எடுத்துட்டுப் போ!"

சுருட்டை என் கையில திணிச்சாரு. ஆர்டரை விரலால அழுத்தி என் பக்கம் தள்ளினாரு. எந்த விரலாலன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

வெளிய ஏழுமலை காத்துக்கினு நின்னான். "இன்னாச்சி? போட்டாரா?"

பேப்பரை நீட்டினேன். கையெழுத்து போட வேண்டிய இடத்துல, கம்பெனி சீலுக்கு மேல, தெளிவா ஒரு பச்சைக் கட்டை விரல் ரேகை.

ஏழுமலை ரொம்ப நேரம் பாத்தான். "கைநாட்டு வெச்சிகீறாரு?"

இதோட நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். ஆனா ஞாயித்துக்கிழமை ஆர்டரோட வர்றேன்னு வாலாஜாபாத்துக்கு ஏற்கனவே சொல்லி அனுப்பிட்டேன்.

"எட்துகினு போடா. டைப் அட்ச்சிகீது, சீலு கீது, உன் பேரு கீது. பெரியவரு இன்னா பூதக்கண்ணாடி வெச்சா பாக்கப் போறாரு?"ன்னான் ஏழுமலை.

வெச்சுத்தான் பாத்தாரு பிலோமினா அப்பா. வாழ்நாள் முழுக்கப் பரீட்சைப் பேப்பர் திருத்தின மனுஷன். மொதல்ல சிவப்புப் பென்சிலால டைப்பிங்ல இருந்த ரெண்டு எழுத்துப் பிழையைச் சுழிச்சாரு. அப்புறம் கீழ வந்தாரு. நின்னாரு.

"உங்க மேனேஜர் எதுவரைக்கும் படிச்சிருக்காரு தம்பி?"

"பி.இ. சார்."

"அப்போ ஏன் கைநாட்டு வெச்சிருக்காரு?"

பொய் சொல்லத் தெம்பில்ல. ஆரம்பத்துல இருந்து அத்தனையும் சொன்னேன். கப்பல், ஊசி, பீரோவுக்குள்ள படுத்தது, ஓவன், பட்டி, பெயிண்ட், எல்லாம். அவமானத்துல தலையே நிமிரல. அவரு சிவப்புப் பென்சிலைக் கீழ வெச்சாரு.

"பச்சைச் சுருட்டைப் பச்சையாவே குடுக்க வேண்டியதுதானே?"ன்னாரு.

அவ்வளவுதான் கேட்டாரு. இந்த ஒரு கேள்வியை எங்க கம்பெனியில ஒருத்தனும் கேக்கல. நாப்பது வருஷ அனுபவமும் கேக்கல.

உள்ள ரூம்ல இருந்து பிலோமினா சிரிக்கற சத்தம் கேட்டுது. வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறது. அன்னிக்கு எனக்குக் கிடைச்ச ஒரே நல்ல சேதி அதுதான்.

லூர்து அடுத்த தடவை கப்பல்ல இருந்து வர எட்டு மாசம் ஆச்சு. அவன் கையில இருந்து வாங்கின குழாயைத் தொறந்துகூடப் பாக்காம நேரா மேனேஜர் மேஜையில வெச்சேன். அவரு சுருட்டை எடுத்து, ஈரத் துணியில துடைச்சு, நகத்தால சுரண்டி, கட்டை விரலை வெச்சு அஞ்சு நிமிஷம் திருகினாரு. பச்சை வரல. அதுக்கப்புறம்தான் கையெழுத்து போட்டாரு. நான் வெளிய வந்ததும் உள்ள இருந்து தீக்குச்சி கிழிக்கற சத்தம் வரிசையா கேட்டுது. நுனியை வெட்டணும்னு லூர்து இந்தத் தடவை எனக்குச் சொல்லித்தான் அனுப்பியிருந்தான். மேனேஜர்கிட்ட நான் சொல்லல.

ஓலை வாசிச்சாங்க, கல்யாணம் நடந்தது. கம்பெனி சார்பா மேனேஜர் ஒரு பச்சை பீரோ அனுப்பினாரு. ரிஜெக்ட் ஆன பீஸு, கதவுல அவரு கட்டை விரல் தடம் அப்படியே பதிஞ்சிருந்தது.

கல்யாண வேலையெல்லாம் முடிஞ்ச அப்புறம், ஒரு ஆணியை எடுத்து மூலையில சுரண்டிப் பாத்தேன்.

ப்ரைமர் போடல.